பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வீடு: பிடுங்கிக்கொள்வார்களா?

பாசிர் பாஞ்சாங் பக்கம் ஒரு தரைவீடு பார்த்திருக்கிறீர்கள். கென்ட் ரிட்ஜில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் பத்து நிமிட நடை. விலையும் ஏறக்குறைய படிந்துவிட்டது. இந்த நேரம் பார்த்து நியூயார்க்கில் இருக்கும் உங்கள் தம்பி, கொலம்பியா பல்கலைக்கழகம் அக்கம்பக்கத்துக்காரர்களின் இடத்தை எடுத்துக்கொண்ட கதையைச் சொல்லிக் கலக்கிவிட்டிருக்கிறார். 'சிங்கப்பூரில் பல்கலைக்கழகம் பெருத்தால் எங்கள் வீடு போய்விடுமா?' இதுதான் உங்கள் கேள்வி.

சொத்து வாங்கல் விற்றல் பார்க்கும் சட்ட அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டு குமாஸ்தாவாக இருந்தவன் நான். என் பதில் இது: பல்கலைக்கழகம் உங்கள் வாசலுக்கு வராது. அது வரத் தேவையே இல்லாதபடி இந்த ஊரில் நிலக் கணக்கு எப்போதோ தீர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் சண்டையே கிடையாது என்று எண்ணிவிடாதீர்கள். அது வேறு இடங்களில் நடக்கிறது.

முதலில் உங்கள் தம்பி சொன்ன கதை. அவர் சொன்னது உண்மைதான், ஆனால் பாதிதான் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. கொலம்பியா 2003ல் ஒரு திட்டத்தை அறிவித்தது. மேற்கு ஹார்லமில் மன்ஹட்டன்வில் என்ற பகுதியில் 17 ஏக்கரில் புது வளாகம், செலவு 6.3 பில்லியன் டாலர். கிடங்கு, பட்டறை, பெட்ரோல் நிலையம் என்று இருந்த இடம் அது. பெரும்பாலானவர்கள் விலை பேசி விற்றுவிட்டார்கள். விற்க மாட்டேன் என்று நின்றவர்களில் சாமான் வைக்கும் கிடங்குகள் நடத்திய ஒருவரும், பெட்ரோல் நிலையம் வைத்திருந்த ஒரு சீக்கியக் குடும்பமும் உண்டு. வழக்குக்கே அந்தக் குடும்பத்தின் பெயர்தான், கவுர் வழக்கு.

அங்கே தனியார் பல்கலைக்கழகம் தானாக யாருடைய நிலத்தையும் எடுக்க முடியாது. மாநில அரசின் மேம்பாட்டு அமைப்பு அந்தப் பகுதியைச் 'சீரழிந்த பகுதி' என்று அறிவித்து, எடுத்துக் கொடுக்க வேண்டும். அறிவித்தார்கள். ஆனால் சீரழிந்துவிட்டது என்று ஆய்வு செய்து எழுதிய ஆலோசனை நிறுவனம் கொலம்பியாவுக்கும் வேலை பார்த்த நிறுவனம். போதாததற்கு, பாழடைந்த கட்டடங்கள் என்று காட்டியவற்றில் கொலம்பியாவே வாங்கிப் போட்டவையும் இருந்தன என்று உரிமையாளர்கள் வாதாடினார்கள். 2009 டிசம்பரில் இடைநிலை மேல்முறையீட்டு மன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் உரிமையாளர்கள் பக்கம் சாய்ந்தது. ஆறே மாதம், 2010 ஜூனில் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் அதைப் புரட்டிப் போட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. இன்று அங்கே கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

தோற்றார்கள். ஆனால் 'இது உண்மையிலேயே பொதுத் தேவையா?' என்ற கேள்வியை மூன்று படி நீதிமன்றம் ஏறிக் கேட்டுவிட்டுத் தோற்றார்கள். இந்த இடத்தில்தான் நம் ஊர் வேறு.

சிங்கப்பூரில் 1966ல் இயற்றிய நிலம் கையகப்படுத்துதல் சட்டம் 1967ல் நடப்புக்கு வந்தது. பொதுத் தேவைக்கு மட்டுமல்ல, பொது நன்மை தரும் எந்த வேலைக்கும், எந்த நபருக்காகவும் எந்த நிறுவனத்துக்காகவும், ஏன், குடியிருப்பு, வணிகம், தொழில் ஆகியவற்றுக்காகவும் அரசாங்கம் நிலத்தை எடுக்கலாம். தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2006ல் தன்னாட்சி பெற்ற நிறுவனங்களாக மாறின. அதனால் இந்தச் சட்டத்தின் கையிலிருந்து யாருக்கும் விலக்கு வந்துவிடவில்லை. தேவை என்று அரசிதழில் அறிவிப்பு வந்துவிட்டால் அந்த அறிவிப்பே தேவைக்கு முடிவான சான்று. மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது, போகலாம். அங்கே பேச முடிந்தது ஒன்றே ஒன்று: எவ்வளவு காசு?

இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாது. மலேசிய அரசியலமைப்பின் 13வது பிரிவு சொத்துரிமையைக் காக்கிறது. 1965ல் பிரிந்து வந்தபோது மற்ற அடிப்படை உரிமைகளை எடுத்துக்கொண்ட சிங்கப்பூர், அந்த ஒரு பிரிவை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டது. வீடுகள், சாலைகள், தொழிற்பேட்டைகள் எல்லாவற்றுக்கும் நிலம் தேவைப்பட்டது, நஷ்டஈட்டுக்குப் பணம் இல்லை. 1980களின் நடுவில் தீவின் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அரசாங்கத்திடம் வந்துவிட்டது.

நஷ்டஈடு என்று சொல்கிறேனே, அதன் அளவைப் பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1985 என்று நினைவு, கடையநல்லூர்க்காரர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பழுப்பு உறையை மடித்து ஜிப்பா பைக்குள் வைத்திருந்தார். 1981ல், விலை உச்சத்தில் இருந்தபோது, கடனை உடனை வாங்கி ஒரு கடைவீடு வாங்கியிருந்தார். சாலை விரிவுக்காக அதை எடுக்கிறார்கள். தாளை என் மேசையில் விரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். "தம்பி, இதில் வருஷத்தைத் தப்பாய்ப் போட்டிருக்கிறானா, பார்." அங்கே 1973 நவம்பர் 30 என்று இருந்தது. "தப்பு இல்லை பாய், சட்டமே அந்தத் தேதிதான்" என்றேன். அன்றைக்கு இருந்த விதிப்படி, அந்தத் தேதியின் சந்தை விலை, அல்லது அறிவிப்பு வந்த நாளின் விலை, இரண்டில் எது குறைவோ அதுதான். எட்டு ஆண்டு கழித்து அவர் கொடுத்த விலைக்குக் கணக்கில் இடமே இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. உறையை மறுபடி அதே மடிப்பில் மடித்து வைத்துக்கொண்டு, தேநீர் வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

பிறகு அந்தத் தேதி 1986க்கு நகர்ந்தது, 1992க்கு நகர்ந்தது, 1995க்கு நகர்ந்தது. 2007 பிப்ரவரியில்தான் தேதியையே தூக்கிவிட்டு, எடுக்கும் நாளின் சந்தை விலை என்று மாற்றினார்கள். ஆக, நீங்கள் இன்று வாங்கி நாளை ஏதோ ஒரு தேவைக்கு எடுத்தாலும் பாயின் கதை உங்களுக்கு நடக்காது. பயத்தில் பாதியை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

மீதிப் பாதி, எடுக்காமல் தடுக்க முடியுமா என்பது. முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெங் ஃபூ நிறுவனத்தின் வழக்கு இருக்கிறது. கேலாங்கில் 1983ல் எடுத்த நிலம் இருபத்திரண்டு ஆண்டு கட்டடம் எழும்பாமல் கிடந்தது, அப்படியென்றால் தேவை என்று சொன்னது நல்லெண்ணத்தில் இல்லை என்று போனார்கள். 2007ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. நிலம் சும்மா கிடந்ததை மட்டும் வைத்துக் கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட முடியாது என்றார்கள்.

சரி, இவ்வளவு பலமான சட்டத்தை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகங்களுக்காக வீடு வீடாக எடுத்தார்களா? நம் வளாகங்கள் வந்த வழியைப் பாருங்கள். கென்ட் ரிட்ஜிலேயே, விரைவுச்சாலைக்கு அந்தப் பக்கம் யூனிவர்சிட்டி டவுன் இருக்கிறதே, 19 ஹெக்டர், அது முன்னாள் வாரன் கோல்ஃப் கிளப்பின் புல்வெளி. கிளப்பைச் சுவா சூ காங்குக்கு அனுப்பிவிட்டு, சாலைக்கு மேலே ஒரு பாலம் போட்டு இணைத்தார்கள். கோல்ஃப் ஆடுபவர்கள் கொஞ்சம் முணுமுணுத்திருக்கலாம். குத்தகை நிலத்தில் முணுமுணுப்புக்கு ஆயுள் குறைவு.

மேற்கே நன்யாங்கில் கதை தலைகீழ். 1950களில் ஹொக்கியென் சங்கம் கொடுத்த ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், ரிக்‌ஷா ஓட்டுபவர்கள்கூடக் காசு போட்டுக் கட்டிய பழைய நன்யாங் பல்கலைக்கழகத்தின் இடம் அது. 1955ல் கட்டிய அதன் நுழைவாயில் வளைவைப் பார்க்க வேண்டுமென்றால் இன்று வளாகத்துக்குப் போகாதீர்கள், அங்கே இருப்பது நகல். அசல் வளைவு ஜூரோங் வெஸ்ட்டில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு நடுவே நிற்கிறது. 1998ல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். மாலையில் அதன் கீழே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஊர் பெருத்து, பல்கலைக்கழகத்தின் வாசலை விழுங்கிவிட்டது.

ஆனால் சண்டை வந்த இடம் ஒன்று உண்டு, அது நகர நடுவில். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் 2000ல் தொடங்கி, 2005ல் பிராஸ் பாசாவுக்கு வந்தது. அங்கே எந்தத் தனியார் வீட்டையும் இடிக்கவில்லை. பிராஸ் பாசா பூங்கா போனது. அதே வட்டாரத்தைத் திருத்தி அமைத்ததில், ஃபோர்ட் கேனிங் சுரங்கச்சாலைக்காக ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் இருந்த தேசிய நூலகமும் போனது. 1960ல் திறந்த செங்கல் கட்டடம். 'அது யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லாரும் சொந்தக்காரர்கள்' என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். கட்டடக் கலைஞர் டே கெங் சூன் 2000ல் சுரங்கத்தைத் திருப்பி, நூலகத்தை நிறுத்தி ஒரு மாற்று வரைபடமே போட்டுக் கொடுத்தார். எடுபடவில்லை. 2004 மார்ச் 31ல் நூலகக் கதவு மூடியது.

கடைசி வாரம் நானும் போயிருந்தேன். தமிழ்ப் பிரிவில் அலமாரிகள் பாதி காலி. வெளியே ஆட்கள் செங்கல் சுவரைத் தொட்டுத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். அந்தக் கட்டடத்துக்கு 1953ல் தொழிலதிபர் லீ கொங் சியான் 375,000 வெள்ளி கொடுத்தபோது வைத்த நிபந்தனைகளில் ஒன்று, இங்குள்ள மக்களின் மொழிகளை வளர்க்க வேண்டும் என்பது. தமிழ் நூல்கள் அங்கே இருந்ததற்கு அவருக்கும் நாம் கொஞ்சம் கடன்பட்டவர்கள். இன்று அதே இடத்தை ஒட்டி நிற்கும் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளிக்கும் லீ கொங் சியான் பெயர்தான். நூலகத்தின் வாசல் தூண்கள் இரண்டு வளாகத்தின் ஓரத்தில் மிச்சம் இருக்கின்றன. அவற்றுக்கு எதிரே நின்று காப்பி குடிக்கும் மாணவர்களுக்கு அவை என்னவென்று தெரியுமோ, தெரியாதோ.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் டோபி காட் சிவன் கோயிலும் இருந்தது, ஆர்ச்சர்ட் ரோட்டில். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்காக 1983ல் அதை எடுத்தார்கள். இப்போது கேலாங் ஈஸ்ட்டில் இருக்கிறது. இழப்பது இந்த ஊருக்குப் பழகிப்போன காரியம் என்பதால் சொல்கிறேன், புகாராக அல்ல.

இனி உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் ஒரு பல்கலைக்கழகமும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். அலெக்சாண்ட்ரா ரோடும் டிப்போ ரோடும் சந்திக்கும் பக்கம் கில்மன் ஹைட்ஸ் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. டிப்போ ரோட்டு ருத்ர காளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அந்த மேடு ஞாபகம் இருக்கும். (அந்த அம்மனும் பாசிர் பாஞ்சாங் ரோட்டுச் செங்கல் சூளையிலிருந்து இடம் மாறி வந்தவள்தான்.) நடுத்தர வருமானக்காரர்களுக்காக 1980களில் அரசு கட்டிய எச்யுடிசி வீடுகள், பின்னர் தனியார்மயமாயின. அதில் ஏறத்தாழ பாதி வீடுகள் ஒரே உரிமையாளர் கையில் இருந்தன. யார் அந்த உரிமையாளர்? தேசியப் பல்கலைக்கழகம். ஊழியர்கள் தங்குவதற்காக வைத்திருந்தது.

2007ல் குடியிருப்பு முழுவதையும் மொத்தமாக விற்கும் கூட்டு விற்பனை, நாமெல்லாம் என்பிளாக் என்கிறோமே, அது வந்தது. 548 மில்லியன் வெள்ளி. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடமென்றால் 80 விழுக்காட்டு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும், மீதிப் பேர் வேண்டாம் என்றாலும் வீடு விற்றுவிடும். பத்து ஆண்டுக்கு உட்பட்டதென்றால் 90 விழுக்காடு வேண்டும். இங்கே எண்ணிக்கை தலைக்கு ஒரு ஓட்டு அல்ல, ஒவ்வொரு வீட்டுக்கும் குறித்துவைத்த பங்கு மதிப்பின்படி. பாதியை வைத்திருப்பவர் ஆம் என்று கையெழுத்துப் போட்டால், மீதமிருக்கும் பங்கில் ஐந்தில் மூன்று சேர்ந்தாலே கோட்டைத் தொட்டுவிடும். உங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து நீங்கள் போடும் ஒரு ஓட்டின் எடை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

விருப்பமில்லாத சிறுபான்மையினர் வழக்குப் போட்டார்கள். வாதம் பெரும்பாலும் தொழில்நுட்பமானது: அரசு கட்டி, பின்னர் தனியார்மயமான குடியிருப்புக்குப் பத்து ஆண்டை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? தனியார்மயமான பிறகு எண்ணினால் பத்தாகவில்லை, 90 வேண்டும், விற்பனை செல்லாது. உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை, 2009ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. வீடுகள் போயின. ஒன்றன் மேல் ஒன்று குறுக்கு நெடுக்காக அடுக்கிய பெட்டிகள் போல நிற்கும் இன்டர்லேஸ் இப்போது அந்த இடத்தில். 2015ல் உலகின் சிறந்த கட்டடம் என்று விருதும் வாங்கியது.

பல்கலைக்கழகம் தவறு செய்ததா? என் கணக்கில் இல்லை. மற்ற உரிமையாளருக்கு இருக்கும் உரிமைதான் அதற்கும், நல்ல விலை வந்தால் விற்கக் கூடாதா? ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது குடியிருந்த இடம், பல்கலைக்கழகத்துக்கு அது இருப்புநிலைக் குறிப்பில் ஒரு வரி. ஒரே கட்டடத்தில் இவ்விரண்டும் ஒரே ஓட்டுச்சீட்டில் வந்தால் யார் ஜெயிப்பார் என்பதற்கு நீதிமன்றம் தேவையில்லை. நான் என் வேலைக் காலத்தில் பல என்பிளாக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். விற்கப் பிடிக்காத தாத்தா எழுந்து பேசும்போது யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். பார்வையைத் தாழ்த்திக் கைப்பேசியைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். அந்த 2007 அக்டோபரிலேயே விதியைத் திருத்தி, பங்கு மதிப்போடு பரப்பளவிலும் 80 விழுக்காடு வேண்டும் என்றார்கள். பெரிய உரிமையாளரின் கை கொஞ்சம் கட்டுப்பட்டது, அறுபடவில்லை.

ஆகவே நீங்கள் பார்ப்பது தரைவீடு என்பது ஒரு வகையில் நல்லது, பங்கு மதிப்புச் சண்டை உங்களுக்கு இல்லை. கூட்டுரிமை வீடு வாங்குவதாக இருந்தால், அந்தக் கட்டடத்தில் ஒரே உரிமையாளர் கையில் எத்தனை வீடு என்று கேளுங்கள். நிர்வாகக் குழுவிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

இனி அன்றாடச் சண்டை. நடப்பில் பல்கலைக்கழகத்தால் அக்கம்பக்கம் படும் பாடு இதுதான்: வாடகைக்கு வரும் மாணவர்கள். பக்கத்துத் தரைவீட்டை உரிமையாளர் தடுப்புப் போட்டு அறை அறையாகக் கொடுத்துவிடுவார். விதிப்படி தனியார் வீட்டில் உறவில்லாதவர்கள் ஆறு பேர் வரைதான். 2024 ஜனவரியிலிருந்து, 90 சதுர மீட்டருக்குக் குறையாத வீடுகளில் எட்டுப் பேர் வரை என்று தற்காலிகமாகத் தளர்த்தியிருக்கிறார்கள். குறைந்தது மூன்று மாதக் குத்தகை. விதி அப்படி, வாசலில் செருப்புக் கணக்கு வேறு. கிளமெண்டியில் என் உறவினர் வீட்டுக்கு எதிரே ஒரு நாள் எண்ணினேன், பதினொரு ஜோடி. விருந்தாளிகளாக இருக்கலாம் என்று அவர் மனைவி சொன்னார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

எதிர்ப்பு எப்படி வரும் என்று பார்க்க வேண்டுமென்றால் 2008 சிராங்கூன் கார்டன்ஸை நினைத்துப் பாருங்கள். பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றை வெளிநாட்டு ஊழியர் விடுதியாக்கப் போகிறார்கள் என்றதும் 1,400க்கும் மேற்பட்ட வீட்டுக்காரர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். விடுதி வந்தே விட்டது, ஆனால் ஊழியர்களுக்குத் தனி வழி போட்டு வந்தது. மாணவர்களுக்கு அந்த அளவு எதிர்ப்பு எழாது. படிக்க வந்த பிள்ளை என்றால் நாம் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம், கட்ட வந்த பிள்ளைக்கு அதைச் செய்ய மாட்டோம். (இதை எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.)

அமெரிக்காவில் பெரிய குறை ஒன்று இங்கே இல்லவே இல்லை, அது வரி. அங்கே பல்கலைக்கழகம் வாங்கும் ஒவ்வொரு கட்டடமும் பெரும்பாலும் சொத்து வரிப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடும், நகரத்துக்கு வருமானம் குறையும், மீதி வீட்டுக்காரர்கள் தலையில் விழும் என்பார்கள். இங்கே நகராட்சி என்று தனியாக ஒன்று கிடையாது. சொத்து வரி நாட்டின் கஜானாவுக்குப் போகிறது. பக்கத்தில் பல்கலைக்கழகம் பெருத்ததால் உங்கள் வரி ஏறாது. எம்ஆர்டி வந்து வாடகை மதிப்பு ஏறினால் ஏறும், அது வேறு.

அப்புறம், கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன பார்ப்பது? பல்கலைக்கழகத்தை மறந்துவிட்டு, சாலையைப் பாருங்கள். உங்கள் வழக்கறிஞர் வழக்கமாக அரசு அமைப்புகளுக்கு விசாரணைக் கடிதங்கள் அனுப்புவார். பதில் வந்ததும் 'எல்லாம் சரி' என்று சொன்னால் விட்டுவிடாமல் தாள்களையே கேளுங்கள். குறிப்பாகச் சாலைக்கோட்டு வரைபடம். எதிர்காலச் சாலை விரிவுக்கு ஒதுக்கிய கோடு உங்கள் வேலிக்கு உள்ளே வருகிறதா என்று அதில் தெரியும். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டத்தைப் பார்த்து, உங்கள் தெருவுக்கும் வளாகத்துக்கும் நடுவில் காலியாகக் கிடக்கும் மனைகளுக்கு என்ன வண்ணம் தீட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். குத்தகை வீடா, நிரந்தர உரிமையா என்பதையும் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். நிரந்தர உரிமை என்று பத்திரத்தில் இருந்தாலும் கையகப்படுத்துதல் சட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை, விலையில் மட்டும்தான் வித்தியாசம்.

எங்கள் அலுவலகத்தின் கடைசி கோப்புகளில் ஒன்று இப்படித்தான். வெஸ்ட் கோஸ்ட் பக்கத்துத் தரைவீடு, சாலைக்கோடு வேலிக்குள் இரண்டு மீட்டர் வந்திருந்தது. வாங்க வந்தவர் திடுக்கிட்டார், விற்பவர் கார் நிறுத்தும் தரையை அதற்குள்தான் டைல்ஸ் போட்டு வைத்திருந்தார். இரண்டு வாரம் இழுபறி. விலையைக் கொஞ்சம் குறைத்து வாங்கிவிட்டார். அந்த இரண்டு மீட்டரில் ஒரு கறிவேப்பிலை மரமும் நின்றது. சாலை இதுவரை விரியவில்லை. போன தீபாவளிக்குப் போனபோது ஒரு கொத்து ஒடித்து, வாழை இலையில் சுற்றிக் கொடுத்தார்.